லயத்து வீடும் சொந்த வீடும்

(ஜொகூரில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று என்னை வீட்டைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். வீடு என்றதும் எனக்கு என் தகப்பனார் ஞாபகம்தான் வருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு முன்னால், தம் கைக்காசைப் போட்டுப் பலகையும் தகரமும் வாங்கி ஒரு தாழ்வாரம் இறக்கினார். பின்னால் சமையற்கட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டார். வேலி கட்டினார், முருங்கையும் மாவும் வைத்தார். "நம்ம வீடு" என்றே சொல்லுவார். ஒரு நாள் அவர் பெயர் செக்ரோலிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தகரத்தைக் கழற்றிக்கொண்டு வரலாம்; சிமெண்டுத் தரையைச் சுருட்டிக்கொண்டு வர முடியுமா? காய்க்கிற மாமரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

தோழர்களே, அவர் செலவழித்த பணம் கெட்ட வழியில் போகவில்லை. வீட்டுக்குத்தான் செலவழித்தார். ஆனால் வேறொருவருடைய வீட்டுக்குச் செலவழித்தார். லயம் வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. இன்று நான் சொல்லவந்தது இந்த ஒன்றைத்தான். வீடு என்பது செங்கல்லும் சிமெண்டும் அல்ல. பதிவேட்டில் இருக்கும் பெயர்தான் வீடு. வாங்கினாலும், பழுதுபார்த்தாலும், விற்றாலும் இதை மறக்கக் கூடாது.

நம் முன்னோர் இதை அனுபவித்தே கற்றார்கள். 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போயின. அதுதான் தோட்டத் துண்டாடல். மரம் விற்கப்பட்டது, அதோடு லயமும் விற்கப்பட்டது. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி தன் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். பாட்டாளியின் பெயரும் நிலப் பதிவேட்டில் ஏற முடியும் என்று அன்று காட்டினார்கள்.

லயத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் உண்டு. 1966இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எல்லாம் அதில் அடங்கும். அவற்றைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை. ஆனால் வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60 என்று ஆகியிருக்கிறது. அறுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் எங்கே படுப்பது என்று முப்பதாவது வயதிலேயே யோசிக்க வேண்டும்.

வாங்கும் முன்

"அண்ணே, நல்ல வீடு வருது, மலிவா வருது, முன்பணம் கொடுத்துட்டேன்" என்று வந்து நிற்கிற தம்பிமார் பலரை நான் பார்த்திருக்கிறேன். நான் கேட்கும் முதற்கேள்வி, "கிராண்டைப் பார்த்தாயா?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது.

நம் நாட்டில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நிலத்துக்கு உடையவர். பணம் கொடுத்த ரசீது போதாது. முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் போதாது. 14A என்னும் மாற்றுப் படிவம் நில அலுவலகத்தில் பதிவானால்தான் வீடு கைமாறுகிறது. ஆகவே பணத்தை எண்ணுவதற்கு முன் நில அலுவலகத்தில் தேடுதல் செய்யுங்கள். "சாரியான்" என்று அங்கே சொல்லுவார்கள். அதற்குச் சிறு கட்டணம்தான். அந்த ஒரு தாளில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உடையவர் பெயர். விற்கிறவரும் அவரும் ஒருவர்தானா? தாத்தா பெயரில் கிடக்கும் நிலத்தைப் பேரன் தனியாக விற்க முடியாது.

இரண்டாவது, தவணைக் காலம். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? மிகக் குறைந்த ஆண்டு இருந்தால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும்.

மூன்றாவது, நில வகை. விவசாய நிலம் என்று எழுதியிருக்கும் இடத்தில் வீடு கட்டி "லாட்டு" போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வங்கிக் கடன் கிடைப்பது அரிது; பின்னால் தொல்லை நிச்சயம்.

நான்காவது, கட்டுப்பாடு. மலிவு விலை வீடுகள் பலவற்றில், மாநில அரசின் அனுமதியின்றி மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்று எழுதியிருக்கும். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடாகவோ மலாய் ஒதுக்கீட்டு நிலமாகவோ இருந்தால் நம் பெயருக்கு அது எளிதில் மாறாது. முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஐந்தாவது, அடகும் தடையும். வங்கியின் பெயரில் அடகு இருக்கிறதா? யாராவது கேவியட் என்னும் தடை போட்டிருக்கிறார்களா? இருந்தால், அது நீங்கும் வழி தெரியும்வரை காசு கொடுக்காதீர்கள்.

புதிய வீடானால், வீடு கட்டும் கம்பெனியின் உரிமத்தையும் விளம்பர அனுமதி எண்ணையும் கேளுங்கள். உரிமம் பெற்ற கம்பெனி அரசாங்கம் வகுத்த ஒப்பந்தப்படியே விற்க வேண்டும். தரைவீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். சாவி கொடுத்த பின்னும் 24 மாதம்வரை குறைபாடுகளைச் சரிசெய்து தர வேண்டும். விரிசலோ ஒழுக்கோ கண்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கேட்காவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு, அது வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமாட் மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். வெயில் காலத்தில் வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் இடுப்பளவு கோடு இருந்தால் அது உண்மையைச் சொல்லிவிடும்.

பணம் எங்கிருந்து?

இப்போது கணக்குக்கு வருவோம். கிராணிமார் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேம நிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால், கையில் ஏறக்குறைய 1,500 நிற்கும். 100,000 வெள்ளி கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நாலரை விழுக்காடு என்று உதாரணத்துக்குக் கொள்வோம். 30 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 507 வெள்ளி. அது கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் அரிசிப் பானையில்தான் கை வைக்க வேண்டிவரும். கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் எழுதினால் சுமை பகிரப்படும். அப்படி எழுதும்போது கிராண்டிலும் இருவர் பெயரும் இருக்கட்டும். கடனில் மட்டும் மனைவி, உரிமையில் கணவன் என்பது நியாயமா?

வயதும் இங்கே பணம்தான். 35 வயதுத் தொழிலாளி 35 ஆண்டுக் கடன் எடுத்தால் மாதம் 473 வெள்ளி. வங்கிகள் பொதுவாக எழுபது வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்கின்றன. ஆகவே 55 வயதில் கேட்பவருக்கு 15 ஆண்டுதான் கிடைக்கும்; தவணை 765 வெள்ளி. கடன் அதே ஒரு லட்சம்தான். தள்ளிப்போட்ட இருபது ஆண்டுக்கு மாதம் 292 வெள்ளி தண்டம்!

அதற்காக நீண்ட காலம்தான் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். 30 ஆண்டில் நாம் கட்டும் மொத்தம் 182,000 வெள்ளிக்கு மேல். தொடக்கத்தில் கட்டுகிற 507இல் 375 வட்டிக்கே போகிறது. ஆனால் மாதம் 100 வெள்ளி கூடுதலாக, அசலில் சேர்க்கும்படி கட்டினால் ஏறக்குறைய இருபத்தொன்றரை ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். மிச்சம் 26,000 வெள்ளி. கூடுதல் பணம் அசலில்தான் சேர்ந்ததா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணத்துக்குச் சேம நிதி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து நம் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. சந்தாவில் நூற்றுக்கு 75 ஓய்வுக்கால கணக்குக்கும், 15 செஜாத்ரா கணக்குக்கும், 10 பிலெக்சிபல் கணக்குக்கும் போகின்றன. வீட்டுக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. வீட்டின் விலை 110,000, கடன் 100,000 என்றால், வித்தியாசம் 10,000. அதோடு விலையில் பத்து விழுக்காடு 11,000. ஆக 21,000 வெள்ளி வரை எடுக்கலாம். கணக்கில் அதைவிடக் குறைவாக இருந்தால் உள்ளதுவரைதான். பிறகு கடனைக் குறைக்கவும் அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் பழுதுபார்க்க, சமையற்கட்டு நீட்ட அதிலிருந்து கிடைக்காது. பிலெக்சிபல் கணக்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கைப்பேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கரைத்துவிடாதீர்கள். அதுவும் உங்கள் வீட்டுச் செங்கல்தான்.

விலையோடு செலவு முடியாது. மாற்றுப் பத்திரத்தின் முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று. அடுத்த 400,000க்கு நூற்றுக்கு இரண்டு. நமது உதாரணத்தில் 1,200 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 500 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் முத்திரை வரி விலக்கு தருவதுண்டு. கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கடன் உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. என்ற அரசு நிறுவனமும் இருக்கிறது. "சீட்டு இல்லையே" என்று முதலிலேயே கையை விரித்துவிட வேண்டாம்.

வட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள். அவன் பணத்தோடு வெற்றுப் படிவத்தையும் நீட்டுவான். "சும்மா ஒரு கையெழுத்துதான், அண்ணே" என்பான். நிரப்பாத 14A படிவத்திலும், அதிகாரப் பத்திரத்திலும் போடுகிற கையெழுத்து, வீட்டையே எழுதிக் கொடுக்கிற கையெழுத்து. படிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும், நம்பிக்கையான ஒருவர் வாசித்துச் சொல்லாமல் பேனாவை வைக்காதீர்கள்.

வீட்டைச் சீர்செய்தல்

சாவி கைக்கு வந்ததும் நம்மவர் முதலில் செய்வது என்ன? பளபளப்பான டைல்சும் பெரிய இரும்பு கேட்டும்! விருந்தாளி பாராட்டுவார், மழை பாராட்டாது. வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கூரை, அடுத்து வடிகால், அடுத்து மின்கம்பி, அடுத்து கழிவறை. அழகு கடைசியில் வரட்டும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே புதுச் சாயம் அடிப்பது, கோப்பை வைக்காமல் மரத்தை வெட்டுவது போலத்தான். பால் தரையில் போகும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். கூரை வேலையை அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். பழைய வீடுகளில் சாம்பல் நிற அஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருக்கலாம். அவற்றை வாளால் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுக்குப் பிறகு உயிரை வாங்கும். நல்ல நிலையில் இருந்தால் தொடாமல் விடுங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்தவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

மரச்சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கறையான். மேலே சாயம் பூசி மறைக்காதீர்கள். சுவரோரம் விறகும் அட்டைப்பெட்டியும் அடுக்கக் கூடாது. மண்ணும் மரமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்கம்பி வேலையைப் பதிவுபெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். கசிவு ஏற்பட்டால் தானாக நின்றுவிடும் சுவிட்சு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் நின்று துணி துவைக்கும் பெண்களின் உயிர் அந்தச் சிறு பெட்டியில் இருக்கிறது.

பின்பக்கம் சமையற்கட்டை நீட்டுவது எல்லாருக்கும் ஆசை. நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பினால் அபராதமும் வரலாம், இடிக்கும் உத்தரவும் வரலாம். விற்கும்போது வாங்குபவரின் வங்கியும் கேள்வி கேட்கும். அனுமதித் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வேலையைப் பகுதியாகப் பிரித்து, முடிந்த பகுதிக்குப் பணம் கொடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு மழை பெய்து பார்த்த பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வரிசையில் எல்லா வீடும் 180,000 வெள்ளிக்குப் போகும்போது, நீங்கள் 70,000 வெள்ளிக்குப் பளிங்கு பதித்துவிட்டு 250,000 கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வாங்குபவர் தெருவையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார். நீங்கள் வாழ்வதற்காகச் செய்தால் சந்தோஷம். விற்பதற்காகச் செய்தால் கூரையும் கழிவறையும் போதும்.

விற்கும் காலத்தில்

ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த மவுண்ட் ஆஸ்டினில் இன்று வீடும் கடையுமாக நிறைந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானது. அது முதல் தரகர்களின் நடமாட்டம் கூடியிருக்கிறது. "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் ரொக்கம்" என்று யாராவது வந்தால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். அவசரம் அவருக்கு, வீடு உங்களுக்கு.

பதிவுபெற்ற முகவரா என்று அடையாள அட்டையைக் கேளுங்கள். தரகுக்குச் சட்டப்படி உச்சவரம்பு மூன்று விழுக்காடு. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். வாங்குபவரின் வழக்கறிஞரே நமக்கும் பார்ப்பார் என்று விட்டுவிடாமல், நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒப்பந்தம் முடியும்போது பத்து விழுக்காடு கைக்கு வரும். மீதி மூன்று மாதத்தில். முழுப் பணத்துக்கும் வழி உறுதியாகாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கொடுத்த சாவியைத் திரும்ப வாங்க நீதிமன்றம் ஏற வேண்டும்.

லாபத்துக்கு வரியும் உண்டு. குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு. நான்காம் ஆண்டில் 20. ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து விற்றால், 2022 முதல் ஒன்றும் இல்லை. குடியிருந்த வீட்டுக்கு ஆயுளில் ஒரு முறை விலக்கும் கேட்கலாம். வரி இல்லையென்றாலும், விற்ற 60 நாளுக்குள் வருமான வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்ற பின் எங்கே போவது? மூத்த மகன் ஜொகூர் பாருவில் பெரிய வீடு வாங்குகிறான் என்பதற்காகத் தம் சிறிய வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டு, பின்பு பேரப்பிள்ளைகளின் அறையில் பாய் விரிக்கிற பெற்றோரை நான் அறிவேன். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கொடுக்கிறபோது உங்கள் பெயரையும் அந்தப் புது கிராண்டில் ஏற்றச் சொல்லுங்கள். அது அவநம்பிக்கை அல்ல, ஒழுங்கு.

நமக்குப் பின் வருவதையும் யோசிப்போம். சேம நிதிக்கு வாரிசு எழுதியிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். அது வீட்டுக்குச் செல்லாது. வீட்டுக்கு உயில் வேண்டும். உயில் இல்லாமல் ஒருவர் காலமானால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். பிணக்குக்குப் பயந்து இரண்டு தலைமுறை சும்மா விட்டுவிட்டால், வாரிசுகள் ஐந்து பேர் ஐம்பது பேராகிவிடுவார்கள்.

தோழர்களே! என் தகப்பனார் வைத்த மாமரத்தைப் பல ஆண்டுக்குப் பின் ஒரு முறை போய்ப் பார்த்தேன். லயம் இல்லை, ரப்பரும் இல்லை, செம்பனை நிற்கிறது. மாமரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அவர்கள் நிலம், அவர்கள் வெட்டினார்கள். கேட்க எனக்கு உரிமை ஏது?

இன்று என் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மாங்கன்று வைத்திருக்கிறேன். வீடு சிறியது. கூரை ஒழுகவில்லை. கிராண்டில் என் பெயரும் என் மனைவி பெயரும் இருக்கின்றன. நீங்களும் இந்த வாரச் சம்பள நாளன்று வீட்டில் கணவன் மனைவியாக உட்கார்ந்து, உங்கள் வயதையும் செஜாத்ரா கணக்கில் உள்ள தொகையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கணக்கு புரியாவிட்டால் சங்கக் கிளைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். கிராணிமார் பென்சிலோடு இருப்பார்கள். வெட்கம் வேண்டாம். பால் எடை போடும்போது தராசைப் பார்க்கிற நாம், வீட்டு விஷயத்திலும் தாளைப் பார்த்தே நடப்போம்.